டேப்லெட் பேட்டரி: நீங்கள் கேட்டவை

கேள்வி: பெட்டியில் 10 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. ஏமாற்று வேலையா, இல்லை என் டேப்லெட்டில்தான் கோளாறா?

பதில்: இரண்டும் இல்லை. பொடி எழுத்தில் ‘அதிகபட்சம்’ என்று ஒரு சொல் இருக்கும், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வைஃபையில், திரை வெளிச்சத்தைக் கண்ணுக்கு இதமாகக் குறைத்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்கு அது. வீடியோ பார்ப்பது டேப்லெட்டுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை, அதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு, மற்றதெல்லாம் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கும். வீடியோ கால் அப்படியா? கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, திரை என்று எல்லாமே ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். கேம் அதற்கும் மேலே.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உங்கள் பேட்டரியில் 30 வாட் மணி, அதாவது ஒரு வாட் வீதம் இழுத்தால் 30 மணி நேரம் வரும் அளவு மின்சாரம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 3 வாட் இழுத்தால் 10 மணி நேரம், 5 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம், அவ்வளவுதான். அந்த இரண்டு வாட் எங்கே போகிறது என்றால் பெரும்பாலும் திரைக்குத்தான். வெயிலில் உட்கார்ந்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டால் வேறெதுவும் செய்யாமலே சார்ஜ் கரையும்.

திரை எவ்வளவு தின்னும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஐபேட்தான். 2011-ல் வந்த ஐபேட் 2-இன் பேட்டரி 25 வாட் மணி. அடுத்த வருடம் வந்த மூன்றாம் ஐபேடில் அதை 42.5 ஆக ஏற்றினார்கள், பெட்டியில் போட்டது என்னவோ அதே 10 மணி நேரம்தான். காரணம், திரையில் புள்ளிகளின் எண்ணிக்கையை 1024×768-லிருந்து 2048×1536 ஆக, அதாவது நான்கு மடங்காக, கூட்டியிருந்தார்கள். கூடுதலாக வைத்த பேட்டரியைப் புதுத் திரையே சாப்பிட்டுவிட்டது. அதனால் டேப்லெட் வாங்கும்போது பேட்டரி எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், அது எந்தத் திரைக்குத் தீனி போடப்போகிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: என் டேப்லெட் 7,800 எம்ஏஎச், பவர்பேங்க் 10,000 எம்ஏஎச். ஆனாலும் ஒரு தடவைகூட முழுதாக ஏறவில்லை. பவர்பேங்க் போலியா?

பதில்: இதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. எம்ஏஎச் மட்டும் தனியாக நின்று எதையும் சொல்லாது, வோல்ட்டால் பெருக்க வேண்டும். 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பது 10 ஆம்பியர் மணி, பவர்பேங்குக்குள் இருக்கும் செல் 3.7 வோல்ட், பெருக்கினால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது, டேப்லெட் அதைத் திரும்பவும் இறக்கித் தன் பேட்டரிக்குள் விடுகிறது, இரண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். வழியில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே மிஞ்சுவது 30-க்கும் கீழே. உங்கள் டேப்லெட்டுக்குத் தேவையே அந்த அளவுதான், அதுவும் அணைத்து வைத்திருந்தால். பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால் எப்படி நிரம்பும்?

சார்ஜருக்கும் இதே கணக்குதான். பழைய போனோடு வந்த 5 வாட் சார்ஜரைச் செருகினால் ஆறேழு மணி நேரம் ஆகும், நடுவில் கேம் விளையாடினால் ஏறுவதற்குப் பதில் இறங்கவே செய்யும்.

கேள்வி: முழுதாக 0 வரை இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், ராத்திரி முழுக்கப் போடவே கூடாது என்கிறார் என் அண்ணன். உண்மையா சார்?

பதில்: முதல் பாதி பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு. சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல். பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை. லித்தியம் பேட்டரியை அடிக்கடி 0 வரை காயவிடுவதுதான் கெடுதல், 30 இருக்கும்போதும் போடலாம், 60 இருக்கும்போதும் போடலாம்.

இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லோரும் பயப்படும் காரணத்துக்காக அல்ல. 100 வந்ததும் டேப்லெட் தானே நிறுத்திக்கொள்ளும், மேலும் மேலும் திணிக்காது. பிரச்சினை என்னவென்றால், முழுதாக நிரம்பிய நிலையில், அதுவும் சூட்டில், மணிக்கணக்காகக் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். தலையணைக்கு அடியில், தடித்த உறைக்குள் வைத்துச் சார்ஜ் போடுவதுதான் தப்பு. காரில் வெயிலில் விட்டுப் போவது அதைவிடத் தப்பு. பல டேப்லெட்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது, நாள் முழுக்கச் செருகியே வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளலாம். வெளியூர் போகிறீர்கள், 100 வேண்டும் என்றால் தாராளமாக ஏற்றுங்கள். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக டேப்லெட் வாங்கவில்லையே நாம்.

கேள்வி: டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா? பின்னணியில் இருக்கும் ஆப்களை மூடினால்?

பதில்: திரை ஓலெட் என்றால் டார்க் மோடில் மிச்சமாகும், அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடி என்றால் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் கறுப்பாகத் தெரிந்தாலும் செலவு கிட்டத்தட்ட அதேதான். விலை குறைந்த டேப்லெட்களில் பெரும்பாலும் எல்சிடிதான். ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடுவது வீண் வேலை, மறுபடி திறக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு அதிகமாகத்தான் இழுக்கும். அதற்குப் பதில் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் கட்டுப்படுத்துங்கள். சிம் போட்ட டேப்லெட் என்றால், சிக்னல் மோசமான இடத்தில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். டவரைத் தேடித் தேடியே காலி பண்ணிவிடும்.

கேள்வி: நான்கு வருடம் ஆன டேப்லெட். 20 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. சார்ஜில் போட்டால் உடனே 15 காட்டுகிறது.

பதில்: அந்தச் சதவீதம் அளந்த எண் அல்ல, ஊகித்த எண். பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்ளே மின்சாரம் ஓடுவதற்கான தடை கூடும், திடீரென்று வேலை கூடும்போது வோல்ட் சட்டென்று விழும், டேப்லெட் பயந்து அணைந்துவிடும். உள்ளே மிச்சம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. முழுதாக இறக்கி ஏற்றினால் எண் கொஞ்சம் ஒழுங்காகும், பேட்டரி இளமையாகாது. 1,000 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருக்கிறோம் என்று ஐபேட் பற்றி ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் டேப்லெட்கள் குறைந்தது 800 சுற்றாவது அப்படித் தாங்க வேண்டும் என்பது விதி. இன்று 50, நாளை 50 செலவழித்தால் அது ஒரு சுற்று. திரையும் வேகமும் இன்னும் போதும் என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புதுசு வாங்க அவசரம் வேண்டாம்.

கேள்வி: மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டேப்லெட் உயிர் வரவில்லை. செத்துவிட்டதா?

பதில்: நல்ல சார்ஜரில் ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள், அதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம். அடியோடு காய்ந்த பேட்டரி முதலில் மெதுவாகத்தான் வாங்கும். அடுத்த முறை எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜோடு, அணைத்து வையுங்கள்.

கேள்வி: திரை ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆனால் நன்றாகவே ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், திரையை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்காதீர்கள், குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரிடம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரி வீட்டுக் குப்பையில் சேரக் கூடாது, மின்கழிவு வாங்குபவர்களிடம்தான் போக வேண்டும்.