சக்கில் ஜாப் ஆடுதா? கேளுங்க, சொல்றேன்

கடைசல் பட்டறைக்கு வர்ற பசங்க என்கிட்ட அதிகம் கேக்கறது சக் பத்தித்தான், அதாவது கடைசல் மெஷின்ல ஜாப்பை (கடையற பொருளை) பிடிச்சுச் சுத்தற பிடிப்பான். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: சார், மூணு ஜா (பிடிக்கிற தாடை) இருக்கிற சக் தானாவே சென்டர் எடுக்கும்னு பாலிடெக்னிக்ல படிச்சோம். 25 மி.மீ. ராடு மாட்டி டயல் (ஆட்டத்தை அளக்கற முள் மானி) வச்சா 0.12 மி.மீ. ஆடுது. சக் போயிடுச்சா?

பதில்: அவசரப்பட்டு சக்கைக் குறை சொல்லாதீங்க தம்பி. மூணு ஜாவையும் ஒண்ணா நகர்த்தறது உள்ளே இருக்கிற ஸ்க்ரோல், சுருள் மரை வெட்டின தட்டு. அதோட மரையில கொஞ்சம் தேய்மானம் இருந்தாலே ஆட்டம் வரும். முதல்ல ஜாவைக் கழட்டித் துடைங்க. ஆட்டம் வர ஒரு துணுக்கு சிப்ஸ் (வெட்டின உலோகத் துகள்) மாட்டியிருந்தாலே போதும். ஜாவிலயும் பள்ளத்திலயும் 1, 2, 3னு எண் இருக்கும், அதே வரிசையில மாட்டுங்க. அப்புறம் டயலை ஜா பக்கத்துல ஒரு தடவை, 100 மி.மீ. தள்ளி ஒரு தடவை வைங்க. தள்ளி வச்ச இடத்துல மட்டும் அதிகமா ஆடினா ராடு வளைஞ்சிருக்கு, இல்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கு.

இன்னொண்ணு. 25 ராடை 22க்குக் கடையப் போறீங்கன்னா இந்த 0.12 பெரிய விஷயமே இல்ல. கடைஞ்ச பகுதி ஸ்பிண்டிலோட (சக்கைச் சுத்தற அச்சோட) சென்டருக்குத்தான் வரும். ஒண்ணுக்கொண்ணு சென்டர் சேர வேண்டிய விட்டம், துளை எல்லாத்தையும் கழட்டாம ஒரே பிடியில முடிச்சிடுங்க.

கேள்வி: அண்ணா, திருப்பி மாட்டியே ஆகணும்னா?

பதில்: சாஃப்ட் ஜா (நாமே கடைஞ்சு அளவாக்கிக்கிற மென்மையான ஜா) போடுங்க. உள்ளே ஒரு வளையத்தை இறுக்கி வச்சுகிட்டு, ஜாவை ஜாப் விட்டத்துக்கே போர் பண்ணுங்க (உள்பக்கம் குடைஞ்சு எடுங்க). இறுக்காம போர் பண்ணினா பயனில்ல. ஒண்ணு ரெண்டு ஜாப்தான்னா நாலு ஜா சக், அதுல ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியா நகர்த்தலாம்.

கேள்வி: நாலு ஜாவுல சென்டர் எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகுதுண்ணா.

பதில்: நாலையும் மாத்தி மாத்தித் திருகறதாலதான். எதிரெதிர் ஜோடியா மட்டும் பாருங்க. 1-வது ஜா டயல் பக்கம் வர்றப்ப ஒரு அளவு, அரைச்சுத்து சுத்தி 3-வது ஜா வர்றப்ப ஒரு அளவு. வித்தியாசம் 0.40னா ஜாப் நகர வேண்டியது 0.20தான். முழுசையும் தள்ளித்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. முள் அதிகம் காட்டற பக்கத்துக்கு எதிர் ஜாவைக் கொஞ்சம் தளர்த்தி, அதிகம் காட்டற பக்க ஜாவை இறுக்குங்க. அப்புறம் 2-ம் 4-ம். கடைசியில நாலையும் சமமா இறுக்கிட்டு மறுபடி டயல் பாருங்க. பத்து ஜாப் போட்டா கை பழகிடும்.

கேள்வி: பித்தளை புஷ் (குழாய் மாதிரி உருளை), சுவர் 2 மி.மீ. சக்குல துளை வட்டமா இருக்கு, கழட்டினா மூணு பக்கம் கோணலாகுது.

பதில்: இறுக்கறப்ப சுவர் மூணு இடத்துல உள்ளே அமுங்குது. அமுங்கின நிலையில வட்டமாக் கடையறீங்க, விட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்புது. வெளியே ஒரு இடத்துல வெட்டுவிட்ட வளையம் போட்டு அதுக்கு மேல பிடிங்க. அழுத்தம் சுத்திலும் பரவும். ஃபினிஷ் கட்டுக்கு (கடைசி மெல்லிய வெட்டுக்கு) முன்னாடி பிடியைக் கொஞ்சம் தளர்த்திக்கங்க.

கேள்வி: ஜாப்பை சக்குக்கு வெளியே எவ்வளவு நீட்டலாம்?

பதில்: விட்டத்தைப் போல மூணு மடங்கு தாண்டினா டெயில் ஸ்டாக் சென்டர் (மறுமுனையைத் தாங்கற கூர்முனை) கொடுங்க.

கேள்வி: மெல்லிய ராடு ஸ்பிண்டில் பின்னாடி ஒரு மீட்டர் நீட்டிக்கிட்டு இருந்தா பரவாயில்லையா?

பதில்: வேண்டவே வேண்டாம். வேகம் ஏறினதும் அந்த ராடு சட்டுனு வளைஞ்சு சாட்டை மாதிரி சுழலும், பின்னாடி நிக்கிறவர் உயிருக்கே ஆபத்து. வெட்டிட்டு மாட்டுங்க, இல்லன்னா பின்னாடி முழு நீளத்துக்கும் குழாய் தாங்கல் கொடுங்க. சக் கீயும் (சக்கை இறுக்கற சாவி) அப்படித்தான்: உங்க கை அதை விடறப்ப அது சக்குல இருக்கக் கூடாது.