கோயம்புத்தூர் கிளைய கொஞ்சம் தள்ளிப் போடுங்க அண்ணே

அண்ணே, ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை, மதுரையில ஷோரூம், இப்ப கடன் வாங்கி கோயம்புத்தூர்லயும் ஒண்ணு தொடங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, ஆனா நடுவுல ஒரு வரி, மக இப்பல்லாம் முகம் குடுத்தே பேச மாட்டேங்குறான்னு, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே கேக்கல. நீங்க கேக்க வந்ததே அதைத்தான்னு தோணுது.

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இது புதுசில்ல. பர்மாவுக்கு கொண்டுவிக்க, அதாவது முதலாளிக்காக வட்டிக்கடை நடத்தப் போன ஏஜெண்டுங்க மூணு வருஷக் கணக்க முடிச்சுட்டுதான் ஊர் திரும்புவாங்க, பொண்டாட்டி புள்ளைங்க இங்கயே கெடக்கும். 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்தப்ப எத்தனையோ பேரு எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாங்க, சொத்தும் போச்சு, புள்ளைங்களோட இருந்திருக்க வேண்டிய வருஷமும் போச்சு.

ஆனா அந்தக் கால முதலாளிங்க ஏஜெண்டுக்கு சம்பளத்தோட லாபத்துலயும் பங்கு குடுத்து, அங்க முடிவெடுக்குறத அவரு கையிலயே விட்டாங்க. மதுரைய நம்பிக்கையான ஆளுகிட்ட அப்படி விட்டுட்டு, ஆறு மாசம் நீங்க போகாம ஓடுதான்னு பாருங்க, ஓடலேன்னா கோயம்புத்தூர் பேச்சே வேண்டாம்.

மககிட்ட மார்க்க மட்டும் விசாரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு கூட்டிட்டுப் போயி, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தச் சொல்லிக் குடுங்க. ஆச்சி, அதான் உங்க வீட்டம்மாகிட்டயும் கடன் எவ்வளவுன்னு முழுசா சொல்லிடுங்க, அவங்களுக்குத் தெரியாம எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க.