யாரும் மதிக்காத போர்ச் சட்டத்தைப் படித்து என்ன செய்வது? காசிமேட்டிலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "சட்டப் படிப்பில் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாமா? போர் என்று வந்துவிட்டால் யாரும் சட்டம் பார்ப்பதில்லையே, படித்து என்ன பயன்?"

நான் வடசென்னையில், மீனவர்கள் வாழும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். போரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் இந்தப் பாடத்தைத்தான் முதுகலையில் எடுத்தேன். இப்போது உயர் நீதிமன்ற வளாகத்தில் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்திக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைக்குமா என்று மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள் அல்லவா, அதற்கான பதில் அவ்வளவுதான். மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த வளாகத்தின் கிழக்குப் பக்க மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் வீசிய குண்டு விழுந்த இடம். சின்ன வயதில் நான் சேட்டை செய்தால் ஆயா 'எம்டன்' என்றுதான் திட்டுவாள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு அந்தக் கப்பல் ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பியது.

முதல் வகுப்பில் இதைத்தான் கேட்டேன்: எம்டன் செய்தது குற்றமா? 1907இல் ஹேக் நகரில் செய்த உடன்படிக்கைகளில் ஒன்பதாவது, கப்பலிலிருந்து கரையைத் தாக்குவது பற்றியது. காவல் இல்லாத ஊரைச் சுடக் கூடாது என்கிறது அதன் முதல் பிரிவு. இரண்டாவது பிரிவு, எதிரியின் கடற்படைக்கோ தரைப்படைக்கோ பயன்படக்கூடிய பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்கிறது. எண்ணெய்த் தொட்டி அதில் அடங்காது என்று வாதிடுவது கடினம். ஆக, நம் ஊர் வரலாற்றில் மிகப் பெரிய வில்லன், சட்டத்தின் கண்ணில் அநேகமாகத் தப்பித்துவிடுகிறான். ஒரு மாதம் கழித்து அதே கப்பல் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் போலப் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடுவதற்கு முன் தன் சொந்தக் கொடியை ஏற்றியது. பிறகு, தான் மூழ்கடித்த பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. போரில் தந்திரம் செய்யலாம், வஞ்சகம் கூடாது என்று பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை எனக்குப் புரியவைத்தது இந்த ஒரு கப்பல்தான்.

இந்தப் பாடத்தை நான் படித்தது வகுப்பறையில் பாதி, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதி. மாடியில் நின்றால் தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள். மேற்கே கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகள். வடமேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலையின் நெருப்புக் கொழுந்து. இன்னும் வடக்கே எண்ணூர்ப் பக்கத்து மின் நிலையப் புகைபோக்கிகள். இடையில் நாங்கள்: குடிசை மாற்று வாரிய அடுக்ககங்கள், மாநகராட்சிப் பள்ளி, மாதா கோயில், மீன் காயும் தரை. 2025 மே 7ஆம் தேதி நாடு முழுவதும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினார்களே, சென்னையில் அதற்குத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

சட்டத்தின் சொற்களில், தன் இயல்பாலோ இருப்பிடத்தாலோ பயன்பாட்டாலோ எதிரியின் போர்ச் செயலுக்கு உண்மையாக உதவும் பொருள், அதை அழித்தால் அந்தச் சூழலில் திட்டவட்டமான இராணுவ அனுகூலம் கிடைக்குமானால், இராணுவ இலக்கு. துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் போர்க்காலத்தில் அப்படி ஆகிவிடலாம். நாங்கள், சண்டையில் நேரடியாக இறங்காதவரை, ஆக மாட்டோம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மதில் சுவர்தான்.

போரில் சிக்கியவர்களைப் பாதுகாக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறையில் 56ஆம் பிரிவைப் படித்த அன்று எனக்குக் கோபமே வந்தது. உடைந்தால் பேரழிவு தரும் கட்டுமானங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் பிரிவு அது. அணை, கரைத் தடுப்பு, அணுமின் நிலையம். மூன்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த நள்ளிரவில், மக்கள் கண் எரிய மூச்சுத் திணறக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அமைதிக் காலத்துக் கசிவுக்கே அந்தப் பாடு. அந்தப் பட்டியலில் அம்மோனியா இல்லை. பொதுவான முன்னெச்சரிக்கை விதிகளும் விகிதாசார விதியும்தான் எங்களுக்குக் கவசம். கல்பாக்கத்தின் நிலைமை வேறு: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. எவ்வளவு பகை இருந்தாலும் அந்தப் பட்டியல் கைமாறுகிறது. 'யாரும் மதிப்பதில்லை' என்பவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதை.

விகிதாசாரம் என்று சொன்னேனே, அதில்தான் மாதிரி நீதிமன்றப் போட்டியில் தோற்றேன். அந்தப் பக்கம் இத்தனை பேர் சாவு, இந்தப் பக்கம் இத்தனை பேர் சாவு, ஆகவே விகிதாசாரம் மீறப்பட்டது என்று அழகாக வாதாடினேன். நடுவர் ஒரே கேள்வி கேட்டார்: "தாக்குதலுக்கு உத்தரவிட்ட நிமிடத்தில் தளபதிக்கு என்ன தெரியும்?" வாயடைத்துப் போனேன். இரு தரப்புப் பிணங்களை எண்ணுவது அல்ல அந்த விதி. ஒரு தாக்குதலால் பொதுமக்களுக்கு எவ்வளவு சேதம் வரும் என்று எதிர்பார்க்க முடிந்தது, அதனால் எவ்வளவு நேரடி இராணுவ அனுகூலம் கிடைக்கும் என்று எண்ணினார்கள், முன்னது பின்னதைவிட மிகையா என்பதே கேள்வி. தொலைக்காட்சி விவாதங்களில் இந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்தாதவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இனி, கேள்வியின் கசப்பான பகுதி. என்னோடு படித்த தோழி ஒருத்தி புழல் அகதிகள் முகாமிலிருந்து வந்தவள். வன்னி பற்றிய வகுப்பு நடந்த நாளில் அவள் வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. 2009 ஜனவரியில் இலங்கை அரசு 'தாக்குதலற்ற பகுதி' என்று ஒன்றை அறிவித்தது, பிறகு மேலும் அறிவித்தது. ஜெனீவா உடன்படிக்கையில் இப்படிப்பட்ட பகுதிகள் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு அமைப்பவை. இவை ஒரு தரப்பு தானே அறிவித்தவை. அந்தப் பகுதிகளுக்குள் அரசுப் படை குண்டு வீசியது என்றும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள் என்றும், இரண்டுமே நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011இல் சொன்னது. நம்மவர் பேச்சில் இரண்டில் ஒன்று எப்போதும் விழுந்துவிடும். சட்டமோ, அவன் மீறினான் என்பதற்காக நீ மீறலாம் என்று ஆகாது என்கிறது. ஒருவர் மீறலை மற்றவர் மீறலால் கழிக்க முடியாது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. வன்னியில் சட்டம் யாரையும் காப்பாற்றவில்லை, உண்மை. ஆனால் நடந்ததைக் 'கொடுமை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எது குற்றம், யாருடைய குற்றம் என்று பிரித்துச் சொல்லும் மொழியை வேறு எதிலும் நான் கற்கவில்லை.

இதைப் பேசும்போது யாராவது ஒருவர் கட்டாயம் புறநானூற்றை எடுப்பார். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் அரண் தேடிக்கொள்ளுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்கும் ஒன்பதாவது பாட்டு. எனக்கும் பிடித்த பாட்டுத்தான். ஆனால் எதிரி நாட்டு ஊர்களை எரிப்பதற்கு 'எரிபரந்தெடுத்தல்' என்று துறை வகுத்துப் பாடியதும் நாமே. தவிர, இன்றைய சட்டத்தில் எச்சரித்த பிறகும் போகாமல் இருக்கும் கிழவி இலக்காகிவிட மாட்டாள். அவளுக்கான பாதுகாப்பு அப்படியே நிற்கிறது.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், பெரிய பாடநூலோடு தொடங்காதீர்கள். 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவை, ஒரு பக்கம்தான், பத்து முறை படியுங்கள். உள்நாட்டுப் போருக்கு அந்த உடன்படிக்கைகளில் உள்ளது அந்த ஒரு பிரிவுதான். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2005இல் தொகுத்த 161 வழக்காற்று விதிகள், அதாவது உடன்படிக்கையில் சேராவிட்டாலும் நாடுகளின் நெடுநாள் வழக்கத்தால் கட்டுப்படுத்தும் விதிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியா ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்று 1960இல் தனிச் சட்டமும் இயற்றியது. 1977 நெறிமுறைகளில் சேரவில்லை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் சேரவில்லை. ஆகவே நம் நாட்டைப் பற்றி எழுதும்போது வழக்காற்று விதிகளே கைகொடுக்கும். வேலை என்றால் இராணுவத்தின் சட்டப் பிரிவு, செஞ்சிலுவை, ஆசிரியப் பணி. எல்லாமே குறுகலான வாசல்கள்.

நயினாவுக்கு இந்தப் படிப்பில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. முப்பது ஆண்டுகள் லாஞ்சில் போனவர். "ஏம்மா, சண்டை வந்தால் நம் படகை என்ன செய்வான்? அதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு நாள் கேட்டார். இருந்தது! 1898இல் ஸ்பெயினோடு போர் நடந்தபோது, அன்று ஸ்பெயினின் கீழ் இருந்த கியூபாவின் இரண்டு சிறிய மீன்பிடிப் படகுகளை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. போர் நடப்பதே தெரியாமல் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஒன்றின் பெயர் பாகேத்தே ஹபானா. அதில் மூன்றே பேர். படகுகளை ஏலம் விட்டார்கள், ஒன்று 490 டாலருக்கு, மற்றொன்று 800 டாலருக்கு. 1900இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கரையோர மீன்பிடிப் படகுகளைப் பிடிக்கக் கூடாது என்பது நூற்றாண்டுகளாக நாடுகளின் வழக்கம் என்று பழைய ஆணைகளையெல்லாம் அடுக்கிக் காட்டி, ஏலப் பணத்தை நட்ட ஈட்டோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தன் நாட்டுக் கடற்படைக்கு எதிராக, எதிரி நாட்டு மீனவனுக்கு ஆதரவாக. 1907 ஹேக் உடன்படிக்கையிலும் அந்த விதி ஏறியது.

நயினா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதற்குள் இரண்டு பருவம் போயிருக்குமே, அதுவரை அவன் எதில் போய் மீன் பிடித்தான்?" என்றார். இழப்பீட்டு வழக்கு நடத்தும் எனக்கு அந்தக் கேள்வி நன்றாகவே உறைத்தது.

அத்தோடு விடவில்லை. அந்த விதியின் மீதியையும் படித்துக் காட்டச் சொன்னார். படகு எந்த வகையிலாவது போரில் பங்கெடுத்தால் அந்த நொடியே பாதுகாப்பு போய்விடும். சாதுவான தோற்றத்தை வைத்துக்கொண்டு மீன்பிடிப் படகை இராணுவ வேலைக்குப் பயன்படுத்தவும் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களைக் கடலின் கண்ணும் காதும் என்றே கடலோரக் காவல் கூட்டங்களில் சொல்கிறார்கள். சந்தேகப்படும்படியான கப்பலைப் பார்த்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். அமைதிக் காலத்தில் அது நல்ல குடிமகன் செய்யும் வேலை. போர் தொடங்கிய பிறகு, எதிரிக் கப்பல் நிற்கும் இடத்தைப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னால்?

"அப்போது கூப்பிட்டுச் சொல்லலாமா, கூடாதா?" என்றார் நயினா.

என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பே அதுவாகிவிட்டது. சொன்னால் படகு இலக்காகலாம் என்று 80 பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நயினா அதைப் படிக்கவில்லை. "அப்படியானால் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.