மருத்துவர் பதில்கள்: அடிவயிற்றில் திடீர் வலி

கேள்வி: எனக்கு வயது 29. ஒரு குழந்தை இருக்கிறது. சென்ற மாதம் விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது, வலது பக்க அடிவயிற்றில் கத்தியால் குத்தியதுபோல் வலி வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வாயுப் பிடிப்பு என்று மாமியார் மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் வலி நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் அதேபோல் வந்து தானாகவே அடங்கியது. போன வருடம் எடுத்த ஸ்கேனில், வலது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். என் தங்கைக்கும் நீர்க்கட்டி உண்டு; அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு வந்தது வாயுவா, கட்டியின் வேலையா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: வலி எந்தப் பக்கம் வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, வாந்தி இருந்ததா, பழைய ஸ்கேனில் என்ன அளவு என்று நான்கையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, சினைப்பை முறுக்கிக்கொண்டு பிறகு தானாகவே அவிழ்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வலுவாக எழுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், வாயு என்று விட்டுவிடக்கூடிய வலி இதுவல்ல.

காம்பில் தொங்கும் மாங்காயைப்போல, சினைப்பை தசைநார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் அந்தக் காம்புக்குள்தான் ஓடுகின்றன. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி அதில் இருந்தால், எடை கூடியதால், எதையாவது தூக்கும்போதோ திரும்பும்போதோ காம்போடு சேர்ந்து சுழன்றுவிட வாய்ப்பு உண்டு. அப்போது முதலில் இரத்தம் வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே வரும் இரத்தம் இன்னும் வந்துகொண்டேயிருப்பதால் சினைப்பை வீங்கி, வலியும் குமட்டலும் ஒன்றாக வருகின்றன. முறுக்கு அவிழ்ந்தால் வலி நிற்கும், ஆனால் கட்டி அங்கேயேதான் இருக்கும். அடுத்த முறை முறுக்கு அவிழாமல் போனால், சில மணி நேரத்தில் சினைப்பையையே இழக்க நேரலாம். ஆகவே, வலி நின்றுவிட்டது என்று ஆறுதல் கொள்ளாமல், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் பழைய ஸ்கேன் அறிக்கையுடன் செல்லுங்கள். அதற்குள் வலி திரும்பினால், எதையும் உண்ணாமல், குடிக்காமல், அவசர அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் சரியாகத் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. வலியின் போக்கை நீங்கள் சொல்லும் விதமும் மருத்துவரின் முடிவுக்குத் துணை நிற்கும். நேரத்தோடு, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முறுக்கை அவிழ்த்துவிட்டால், கருநீலமாக மாறியிருந்த சினைப்பையைக்கூடப் பெரும்பாலும் எடுக்காமல் காப்பாற்ற முடிகிறது.

உங்கள் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வேறு விஷயங்களுக்கு நாம் ‘நீர்க்கட்டி’ என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு குழம்புகிறோம். தங்கைக்கு இருப்பது பிசிஓஎஸ் ஆக இருக்கலாம். அதில் சினைப்பை நெடுக 1 சென்டிமீட்டருக்கும் குறைவான சிறு முட்டைப்பைகள் தெரியும். அது மாதவிலக்குச் சுழற்சியையும் ஹார்மோனையும் சார்ந்த சிக்கலே தவிர, திடீர் வலிக்கு அது பெரும்பாலும் காரணமாவதில்லை. உங்களுடையது தனிப் பெரிய கட்டி. தங்கைக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதால் உங்களுக்கும் செய்யாது என்று எண்ண வேண்டாம்.

மற்றக் காரணங்களும் உண்டு. கட்டி உடைந்தாலும் இப்படித் திடீரென வலிக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் இறங்கி நிலைத்தால் குடல்வால் அழற்சி. விலாவுக்குக் கீழே முதுகில் தொடங்கித் தொடை இடுக்கு வரை அலையலையாக இறங்கினால் சிறுநீரகக் கல். காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருந்தால் கர்ப்பப்பை, கருக்குழாய்த் தொற்று என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். இவற்றில் எதுவானாலும், மாதவிலக்கு வரும் வயதுள்ள பெண்ணுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில் நடக்க வேண்டும். திருமணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்பதை அவமதிப்பாகப் பல பெற்றோர் கருதுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கருதாதீர்கள், அவர் மருத்துவரிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு வயது 34. ஆறு வருடங்களுக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர். மாதவிலக்கு பத்து நாள் தள்ளி, லேசாகக் கறைபட்டது. பிறகு திடீரென்று அடிவயிற்று வலியும் தோள்பட்டை வலியும் வந்து மயங்கி விழுந்தார். கருக்குழாயில் கரு வெடித்துவிட்டது என்று அறுவை செய்து காப்பாற்றினார்கள். அறுவை செய்த பிறகும் கரு எப்படித் தங்கியது? தோள் ஏன் வலித்தது?
- வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அக்கா பிழைத்தது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அறுவையில் முடிச்சிட்டு வெட்டிய கருக்குழாயின் முனைகள் மிக அரிதாக மீண்டும் இணைந்து, இடையே ஒரு குறுகிய வழி உண்டாகிவிடுவதுண்டு. விந்தணு நுழைய அது போதும். கருவுற்ற முட்டை கர்ப்பப்பைக்கு இறங்க அது போதாது. ஆகையால், குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு கரு உண்டானால், அது குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய் வெடித்தபோது பெருகிய இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தங்கியது, வெளியே தெரிந்தது கறை மட்டுமே. உள்ளே தேங்கிய இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தொட்டு உறுத்தும். அதற்கான நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்கள், மாதவிலக்கு தள்ளிப்போய் வலி வந்தால், மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டதைச் சொல்வதோடு நிறுத்தாமல், “ஆனாலும் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்” என்று தாங்களே கேட்க வேண்டும். தலைசுற்றலோ தோள் வலியோ சேர்ந்தால், அந்தப் பரிசோதனைக்குக்கூட வீட்டில் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.