கேள்வி – பதில்: வானுக்கு ஒரு காப்புறுதி, வானுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது அம்மா அப்பாவையும் அங்கே வரச்சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் போல. இந்த மாதக் கடிதங்களில் பயணக் காப்புறுதி பற்றியவைதான் கூட, அதிலும் கட்டில் பூட்டிய வான் வண்டியில் ஐரோப்பா சுற்றப் போகிறவர்களின் கடிதங்கள். ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம் என்பதால் ஒரே இதழில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மகள் ஜேர்மனியில். மருமகன் பழைய வான் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் தானே பூட்டி வைத்திருக்கிறார். எங்களையும் ஏற்றிக்கொண்டு சுவிஸ், இத்தாலி என்று இரண்டு மாதம் சுற்றுவது திட்டம். விசாவுக்காக 30,000 யூரோவுக்குக் காப்புறுதி எடுத்தாயிற்று. அது போதும்தானே? 2020 மாதிரி திரும்பவும் ஏதாவது வந்தால்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

விசா எடுப்பதற்குப் போதும் சேர். 30,000 யூரோ என்பது ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் சேர்த்துத் தரும் விசாவுக்கு, அவர்கள் கேட்கும் ஆகக்குறைந்த தொகை. அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியையோ உடலையோ ஊருக்குக் கொண்டுவரும் செலவு, இவ்வளவும் அதற்குள் அடங்கவேண்டும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் நீங்கள் நிற்கும் முழுக் காலத்துக்கும் செல்லவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் கிடக்க நேர்ந்தால் அந்தத் தொகை பெரிதே இல்லை. இன்னும் கொஞ்சம் காசு கட்டிக் கூடின தொகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள்.

இனி அந்தப் பத்திரத்தைக் கையில் எடுங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விடுங்கள், 'எக்ஸ்குளூஷன்ஸ்' (எதற்கெல்லாம் பணம் இல்லை) என்று ஒரு பகுதி பின்னால் இருக்கும், அதில் 'எபிடெமிக்' (தொற்றுநோய்), 'பண்டெமிக்' (உலகப் பெருந்தொற்று) என்ற சொற்கள் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். சில பத்திரங்களில் தொற்றுநோய்க் காலத்துச் சிகிச்சைக்குப் பணம் உண்டு, ஆனால் தனிமைப்படுத்தலில் பதினான்கு நாள் ஹோட்டலில் இருந்த செலவுக்கு இல்லை. சிலவற்றில் இரண்டுமே இல்லை. இன்னொரு விஷயம், நடக்குமோ நடக்காதோ என்று தெரியாததற்குத்தான் காப்புறுதி. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11. அதற்குப் பிறகு காப்புறுதி எடுத்துவிட்டு, கொரோனாவால் பயணம் நின்றுபோனது, காசைத் தா என்று கேட்டவர்களுக்குப் பல இடங்களில் 'இது உங்களுக்கு முதலே தெரிந்த விஷயம்தானே' என்றுதான் பதில் வந்தது. அதனால் எடுப்பதென்றால் ரிக்கற் போடும் அன்றைக்கே எடுத்துவிடவேண்டும்.

என் கதையையும் சொல்கிறேன். 2020 மாசியில் தம்பியைப் பார்க்க ஜேர்மனிக்குப் போனேன், மார்ச் கடைசியில் திரும்புவதாக ரிக்கற். அதற்குள் கட்டுநாயக்க மூடியாயிற்று. விசா முடிந்ததை ஜேர்மன் அரசு ஜூன் 30 வரை பொறுத்துக்கொண்டது, என் காப்புறுதி ஒருநாள்கூடப் பொறுக்கவில்லை. நீட்டித்துத் தாருங்கள் என்று நான் போன் எடுத்தது முடிந்து இரண்டு நாள் கழித்து. முடிவதற்கு முதல் கேட்டிருந்தால் தந்திருப்போம், முடிந்த பத்திரத்தை நீட்டிக்க முடியாது என்றார்கள். பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஆறாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஊருக்கு வரும்வரை காப்புறுதி இல்லாமல் அறைக்குள்ளேயே இருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று வலி எடுத்தபோது பல் டொக்டரிடம் போகப் பயந்து தம்பி வீட்டுக் கராம்புப் போத்தலை முடித்துவைத்தேன். ஆகவே பத்திரம் முடியும் திகதியை மகளின் போனிலும் உங்கள் போனிலும் போட்டுவையுங்கள், அதற்குப் பத்து நாள் முதல் அடிக்கிற மாதிரி. ஷெங்கனில் எந்த 180 நாளுக்குள்ளும் 90 நாள்தான் நிற்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி வான். உங்கள் மருத்துவக் காப்புறுதிக்கும் அந்த வானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வானுக்குரிய காப்புறுதி வேறு, அது மருமகனின் பொறுப்பு. நான் அவரிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: 'தம்பி, ஓட்டுவது நீங்கள் ஒருவர்தான், நடுவழியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் இந்த வானை யார் திருப்பிக் கொண்டுவருவது?' ஜேர்மனியில் 'ஷுட்ஸ்பிரீஃப்' என்று ஒன்று வாகனக் காப்புறுதியோடு சேர்த்தோ தனியாகவோ எடுக்கலாம். வண்டி பழுதானால் இழுத்துக்கொண்டு போவது மட்டுமில்லை, ஓட்டுநர் நோயாகி ஓட்ட வேறு ஆள் இல்லாவிட்டால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடும் பலவற்றில் உண்டு. வானின் நீளம், உயரம், நிறைக்கு அதில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள், அதையும் பார்க்கவேண்டும்.

2020 மார்ச்சில் மொரோக்கோ திடீரென்று எல்லையை மூடியபோது குளிர்காலத்தைக் கழிக்கப் போயிருந்த பிரெஞ்சு, ஜேர்மன் வான்காரர் ஏராளமானோர் அங்கேயே மாட்டுப்பட்டார்கள். அரசாங்கம் விமானம் அனுப்பினால் ஆட்களைத்தான் ஏற்றும், வானை ஏற்றாது. வானை விட்டுவிட்டுப் போவதா, வானோடு நிற்பதா என்று அவர்கள் பட்ட பாடு... இத்தாலி அவ்வளவு தூரமில்லை, தரைவழியாகத் திரும்பலாம் என்பீர்கள். சரிதான், ஆனால் அந்த மார்ச்சில் கேம்பிங் இடங்களும் மூடித்தான் கிடந்தன.

ஜேர்மனி 2020 மார்ச் 17இல் உலகம் முழுவதற்கும் பயண எச்சரிக்கை விட்டது. புறப்படும் நாளில் போகிற நாட்டுக்கு அப்படி ஓர் எச்சரிக்கை இருந்தால் பல காப்புறுதிகள் செல்லாது. அங்கே நிற்கும்போது வந்தால் சில நாள் அவகாசம் தருவார்கள். எத்தனை நாள் என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வித்தியாசம்.

என் கணவருக்குச் சலரோகமும் பிரஷரும். காப்புறுதிப் படிவத்தில் அதை எழுதவேண்டாம், எழுதினால் காசு கூடும் என்று ஏஜென்ற் சொல்கிறார். ஊசி மருந்தும் கொண்டுபோகவேண்டும்.
– சுன்னாகம் வாசகி

எழுதுங்கள் அம்மா. ஏஜென்றுக்குக் கொமிஷன் இன்றைக்கு, ஆஸ்பத்திரி பில் வருவது உங்களுக்கு. அங்கே அவரை அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டதும் டொக்டர் கேட்கும் முதல் கேள்வியே என்ன மருந்து எடுக்கிறார் என்பதுதான், நீங்களும் பதற்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவீர்கள், அது அறிக்கையில் ஏறும், அந்த அறிக்கை காப்புறுதிக்காரரின் மேசைக்குப் போகும். படிவத்தில் 'நோய் இல்லை', அறிக்கையில் பத்து வருடச் சலரோகம். அவர்கள் கையை விரிக்க அது போதும். கொரோனா சலரோகக்காரருக்குக் கடுமையாக வரும் ஆபத்துக் கூட என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுதினாலும் பழைய வருத்தத்தை விலக்கித்தான் தருவோம் என்று சொல்லும் கம்பனிகளும் இருக்கின்றன, திடீரென்று உயிராபத்து வந்தாலாவது பார்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் கடைப்பெயர் அங்கே விளங்காது, மெற்போமின், லொசாட்டன் மாதிரி மருந்தின் பெயர் எழுதியிருக்கவேண்டும். திரும்பி வரும் நாளுக்கு மேல் குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தைக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். ஊசி மருந்து திறக்காதது 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், வெயிலில் நிறுத்திய வான் அடுப்பு மாதிரிச் சுடும், அதனால் வான் குளிர்பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் கட்டும் தட்டோடு முட்டவிடாதீர்கள். உறைந்துபோனால் அந்த மருந்தைப் போடக்கூடாது.

நான் ஜேர்மனியில் வேலை செய்கிறேன், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். என் மருத்துவ அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை இருக்கிறது. அதோடு எங்கும் போகலாம்தானே?
– விடுமுறையில் மானிப்பாய் வந்திருப்பவர்

எங்கும் இல்லை. பலர் தவறவிடும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்த அட்டை டென்மார்க், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிஸ் ஆகிய இடங்களில் செல்லாது. அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு விதி வேறு, அவர்கள் தங்கள் கிராங்கன்காசவிடம் (மருத்துவக் காப்புறுதி நிறுவனத்திடம்) கேட்கவேண்டும். உங்களுக்கு இத்தாலியில் சரி, அங்கே போகும் வழியில் சுவிஸில் விழுந்தால் சொந்தக்காசு.

செல்லும் நாட்டிலும் அது அரசாங்க சிகிச்சைக்குத்தான், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவு அதில் கிடையாது. தனியாக வெளிநாட்டு மருத்துவக் காப்புறுதி எடுங்கள், ஜேர்மனியில் மலிவு. ஆனால் வருடாந்தப் பத்திரங்களில் பல ஒரு பயணத்துக்கு ஆறோ எட்டோ வாரம்தான் தாங்கும். இன்னொன்று, திருப்பிக் கொண்டுவருவது 'மருத்துவரீதியாக அவசியமானால்' என்று இருக்கிறதா, 'மருத்துவரீதியாக உசிதமானால்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதை எடுங்கள். முதலாவது என்றால், இங்கேயே வைத்தியம் செய்யலாம் என்று அந்த ஊர் டொக்டர் சொன்னால் அங்கேயே கிடக்கவேண்டியதுதான்.

ஸ்காபரோவில் இருக்கிறோம். மாரிக்கு நாலு குடும்பமாக வீட்டு வண்டியில் புளோரிடா போக யோசனை. எங்களுக்கு ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி, ஓஹிப், இருக்கிறதே?
– இணுவிலில் அம்மா வீட்டில் நிற்பவர்

அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தால் ஓஹிப் நாளொன்றுக்குத் தருவது அதிகபட்சம் 400 கனடா டொலர். அங்கே அது முதல் மணித்தியாலத்துக்கே காணாது. தனிக் காப்புறுதி இல்லாமல் எல்லை தாண்டவேண்டாம். நீண்ட நாள் நிற்கும் ஆசை இருந்தால், எந்த 12 மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருந்தாக வேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே வந்து நிற்கும் நாளும் வெளியில் நின்ற கணக்குத்தான்!

லண்டன் தம்பி தன் வானில் பிரான்ஸ் போகிறான். பச்சை அட்டை வேண்டுமா?
– பருத்தித்துறை

பச்சை அட்டை என்பது வெளிநாட்டிலும் வண்டிக்குக் காப்புறுதி உண்டு என்று காட்டும் பத்திரம். 2021 ஆகஸ்ட் 2 முதல் பிரித்தானிய வண்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தேவையில்லை. ஆனால் அவரது முழுக் காப்புறுதி கடல் தாண்டியதும் வெறும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியாகச் சுருங்குகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் அரசாங்க சிகிச்சைக்கான மருத்துவ அட்டையை என்.எச்.எஸ். (பிரித்தானிய அரசாங்க மருத்துவ சேவை) தளத்தில் இலவசமாக எடுக்கலாம். காசு கேட்கும் தளம் என்றால் அது வேறு யாரோ.

வானுக்குள் புட்டு அவிக்கலாமா?
– மறுபடியும் கொக்குவில், இந்த முறை ஆசிரியரின் மனைவி

தாராளமாக, ஆனால் கூரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. நீராவியைவிட எரிவாயு அடுப்பு விடும் காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு வாயுதான் மூடிய வானில் ஆபத்து, மணம் குணம் இல்லாமல் ஆளைச் சாய்க்கும். படுக்கும்போது குளிருக்கு என்று அடுப்பை எரியவிடவே வேண்டாம். மருமகன் அடுப்பைத் தானே பூட்டினார் என்று சேர் எழுதியிருந்தார், அதுதான் எனக்கு இடிக்கிறது. ஜேர்மனியில் வானுக்குள் எரிவாயு பூட்டினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துச் சான்று எடுக்கவேண்டும். சாதாரண வானாகப் பதிந்ததைப் படுக்கை வானாக மாற்றியது காப்புறுதிக் கம்பனிக்குத் தெரியாவிட்டால், தீப்பிடித்தால் அவர்கள் அடுப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தச் சான்றை வாங்கினபிறகு புட்டுக்குழலை எடுத்து வையுங்கள்.