மைலேஜுக்காக கார் மாற்றலாமா?

கேள்வி: என் காருக்கு எட்டு வயது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சம்பளத்தில் பெரும்பங்கு பெட்ரோலுக்கே போகிறது. கடன் வாங்கியாவது 18 கொடுக்கும் புது காருக்கு மாறினால் மிச்சமாகும் என்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இப்போது உங்களுக்கு மாதம் சுமார் 83 லிட்டர் ஆகிறது. புது காரில் 56 ஆகும். மிச்சம் 27 லிட்டர். அதன் விலையை ஒரு பக்கமும், புது காரின் மாதத் தவணையை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். தவணைக்குப் பக்கத்தில்கூட அது வராது. பெட்ரோலுக்காக மட்டும் கார் மாற்றுவது கட்டுப்படியாகாது.

சரி, அந்த 12 எப்படி வந்தது? டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது பிடித்த லிட்டரால் தூரத்தை வகுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்தால்தான் நம்பலாம்.

அப்புறம் டயர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; காற்று அழுத்த அளவு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைத்து நிரப்பக் கூடாது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், மாதம் ஒருமுறை பாருங்கள். இதில் கிடைப்பது ஓரிரு சதவீதம்தான், ஆனால் செலவே இல்லை, டயரும் கூடுதல் நாள் உழைக்கும்.

பெரிய மிச்சம் உங்கள் வலது காலில் இருக்கிறது. விருட்டென்று கிளப்பி, அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தினால், பெட்ரோலை எரித்துக் கூட்டிய வேகம் பிரேக்கில் சூடாக வீணாகிறது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியரிலேயே இருக்கட்டும், இன்றைய இன்ஜின்கள் அந்த நேரத்தில் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும், வண்டியும் கட்டுக்குள் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெடுஞ்சாலையில் 100-ல் போகிறவர் 80-க்குக் குறைத்தால் மைலேஜிலேயே வித்தியாசம் தெரியும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

சர்வீஸை நேரத்துக்குச் செய்யுங்கள், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்; பெட்ரோல் அளவைச் சரியாக வைக்கப் புகையைக் கவனிக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டால் மைலேஜ் கடுமையாக அடிவாங்கும். கையேடு கேட்காதபோது விலை கூடின பிரீமியம் பெட்ரோல் வேண்டாம். மைலேஜ் கூட்டும் என்று விற்கும் திரவங்களுக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு மறுபடி கணக்குப் பாருங்கள். 14 வந்தால் மாதம் 12 லிட்டர் மிச்சம். சம்பளம் வந்த அன்றே அந்தப் பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கார் உண்மையிலேயே ஓய்ந்துபோகும் நாளில், முன்பணத்தில் ஒரு பகுதி அதிலிருந்தே வரும், கடனும் அந்த அளவுக்குக் குறையும்.