வீட்டில் ஒழுகாத கயாக் ஏரியில் ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: மரைன் பிளைவுட்டில் நானே ஒரு கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) செய்திருக்கிறேன். பின்பக்கச் சாமான் அறையின் மூடிக்கு ரப்பர் பீடிங் ஒட்டி, வாசலில் வைத்து ஹோஸ் பைப்பால் பீய்ச்சிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. பாரூர் ஏரியில் விட்டால் மட்டும் ஒரு மணி நேரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. பீடிங்கை மாற்றிவிடவா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: அவசரப்பட்டுப் பீடிங்கைப் பிய்த்துவிடாதீர்கள் தம்பி. அடுத்த முறை கரையேறி மூடியைத் திறக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நான் செய்த முதல் கயாக்கில் மூடி லேசில் வரவில்லை. ஓரத்தில் உளியை வைத்து நெம்பினேன். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

கார் கூரையில் கட்டி நம் ஊர் வெயிலில் கொண்டுபோகிறோம். அறைக்குள் காற்று கொதிக்கிறது. அப்படியே ஏரியில் இறக்கினால் அடிப்பலகை குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கப் பார்க்கிறது. 50 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினாலே அழுத்தம் 6 சதவீதம் குறையும். அரை மீட்டருக்கு மேல் ஆழத்தில் தண்ணீர் அழுத்துகிற அளவு அது. மூடிமேல் தெறித்து நிற்கும் தண்ணீரைப் பீடிங்கின் சின்னச் சந்து வழியாக அந்த இழுவைதான் உறிஞ்சுகிறது. வாசலில் படகும் காற்றும் ஒரே சூட்டில் இருந்திருக்கும்; அதனால் ஹோஸுக்கு மசியவில்லை.

உட்காரும் இடத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவே உள்ள தடுப்புப் பலகையில், உச்சியை ஒட்டி 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். காற்று போய்வர அது போதும். துளையின் உள்சுவரில் எபாக்சி பசை தடவ மறக்காதீர்கள். பிளைவுட்டின் வெட்டுவாய் தண்ணீரைக் குடிக்கும்.

அப்புறம் மூடி. மூடியை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வார்ப்பட்டைகளுக்கு நடுவே மெல்லிய மூடி மேலே எழும்பிக்கொள்ளும். பீடிங் வந்து உட்காரும் அறை வாயின் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, மூடி, வார்களை இறுக்கித் திறந்து பாருங்கள். ரப்பரில் சுண்ணாம்பு ஒட்டாத இடம்தான் சந்து. மூடியின் அடியில் குறுக்காக ஒரு மரச்சட்டம் ஒட்டினால் அது சரியாகும். பீடிங்கை மூலையில் இழுத்து ஒட்டியிருந்தாலும் நாளாக நாளாகச் சுருங்கி விலகும். தளர்வாக வளைத்து, இணைப்பை நேரான பக்கத்தில் வையுங்கள். ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் உறிஞ்சும் ரகம் என்றால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

வார் கொக்கிகளின் போல்ட் துளைகளையும் விடாதீர்கள். பெரிதாகத் துளைத்து, மரத்தூள் குழைத்த எபாக்சியால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் போல்ட்டுக்குத் துளையிடுங்கள்.

ஒகேனக்கல் பரிசலில் தண்ணீர் ஏறினால் கண்ணுக்குத் தெரியும், மொண்டு ஊற்றிவிடலாம். மூடிய அறையில் ஏறுவது தெரியவே தெரியாது. கவிழ்ந்தால் உங்களைத் தாங்கி நிற்கப்போவது அந்த அறைகளில் இருக்கும் காற்றுதான். எல்லாம் முடித்து, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் துணைக்கு ஆள் வைத்துப் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். அதற்குமுன் அறைக்குள் பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ, அந்த மூலையில்தான் இன்னும் வேலை பாக்கி.